தாய்க்குப் போட்ட ஊசியை மகளுக்கும் போடலாமா?

பொகவந்தலாவை வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் பிரீசியன் கலப்புப் பசு சினை ஊசியில் ஈன்ற கிடாரி பருவத்துக்கு வந்துவிட்டது. தாய்க்குப் போட்ட அதே காளையின் ஊசியைப் போட்டால் பால் கூடும் என்கிறார் ஒரு தரகர். போடலாமா, அல்லது பக்கத்து லயத்துக் காளையிடம் விடலாமா?"

போடாதீர்கள். சினை ஊசியில் இருப்பது காளையின் விந்து; ஆகவே அந்தக் காளை உங்கள் கிடாரியின் தகப்பன். அதனிடம் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரு மரபணுக் குறை, பிறக்கப்போகும் கன்றுக்குத் தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்துசேர இது வழிவிடும். சினை தங்காமை, நலிந்த கன்று, குறைந்த பால் என்பன இதன் விளைவுகள். 1962இல் அமெரிக்காவில் பிறந்த சீஃப் என்ற, பிரீசியனுக்கு நெருங்கிய ஹொல்ஸ்டீன் இனக் காளையின் வாரிசுகள் பாலைப் பெருக்கியதோடு, இரு வழியாலும் சேர்ந்தால் கருவையே அழிக்கும் ஒரு குறையையும் உலகெங்கும் பரப்பின. அதனால் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் கலைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

பக்கத்து லயத்துக் காளையும் வேண்டாம். அதுவும் அதே தகப்பனுக்குப் பிறந்ததாக இருக்கலாம்.

தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எந்த மாட்டைக் காட்டினாலும் "அம்பேவல இரத்தம்", அதாவது அம்பேவலப் பண்ணை மாட்டின் வழிவந்தது என்பார்கள். தகப்பன் காளையின் இலக்கம் என்ன என்று கேட்டால் பேச்சை விலைக்கு மாற்றிவிடுவார்கள். இலக்கம் எழுதிய துண்டு இல்லாத கிடாரிக்கு இனப்பெருமைக்கென ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அந்தத் துண்டை எல்லோருக்கும் ஊசி போடுபவர்கள் எழுதிக் கொடுப்பதுமில்லை என்பது வேறு கதை. கேட்டால் பதிவேட்டில் இருக்கிறது என்பார்கள். பதிவேட்டைக் கேட்டால் நாளை வரச் சொல்வார்கள். ஆயினும் மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போய், தாய்க்குப் போட்ட காளையின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வேறு இலக்கம் கிடைத்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். இரண்டு இலக்கங்கள் ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரு காளைகளுடையதாக இருக்கக்கூடும். ஆகவே தாய்க்குப் போட்ட காளை, இப்போது போடவிருக்கும் காளை இரண்டினதும் தகப்பன் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிவு எதுவுமே கிடைக்காவிட்டாலும், தாய்க்குப் போட்டது பிரீசியன் ஊசி என்பது தெரிந்தால் ஜேர்சி ஊசி கேளுங்கள். இனமே மாறுவதால் தகப்பனும் மகளும் சேரும் ஆபத்து நீங்குகிறது; கன்று சிறிதாக இருப்பதால் தலைச்சன் ஈற்றும் இலகுவாகும். ஆனால் இந்த வழி ஒரு தலைமுறைக்கு மட்டுமே உதவும். பிறக்கும் ஜேர்சிக் கலப்புக் கிடாரிக்கு மறுபடியும் அதே ஜேர்சிக் காளையைப் போட்டால் பழைய சிக்கல் அப்படியே திரும்பிவரும். எனவே இம்முறை ஊசி போடும்போதே, விந்துக் குழாயில் அச்சிட்டிருக்கும் காளை இலக்கத்தைத் திகதியுடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.