வாசல் கதிரையில் இருந்த அம்மா

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 49 வயது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மனைவி, மகள், 76 வயது அம்மாவோடு இருக்கிறேன். தங்கச்சி குடும்பம் அஜாக்ஸில். தங்கச்சியின் கணவரும் நானும் முந்தி மச்சான் மச்சான் என்று உயிராக இருந்தவர்கள். அரசியல்தான் கெடுத்தது. நான் லிபரல் கட்சி, அவர் கொன்சர்வேற்றிவ் கட்சி.

2025 ஏப்ரல் 28 இரவு எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்து பாராளுமன்றத் தேர்தல் முடிவு பார்த்தோம். அம்மாவின் குடும்ப வைத்தியர் ஓய்வுபெற்று ஒரு வருடமாகியும் வேறொருவர் கிடைக்கவில்லை என்ற கதை வந்தது. முன்னாள் பிரதமர் ட்ரூடோ நாட்டைக் கெடுத்ததன் பலன் என்றார் மச்சான். இனிப் பிரதமர் கார்னி சரியாக்குவார் என்றேன் நான். வார்த்தை முற்றி, "கைக்காசுக்கு வேலை செய்து வரியை ஒளிக்கிற ஆள் நாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவரும் விடவில்லை. "மாகாணத் தேர்தலுக்கு எட்டியும் பார்க்காத உமக்கு என்ன கதை" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவர் சொன்னது உண்மைதான். பெப்ரவரி, ஸ்நோ, வேலைக் களைப்பு, வீட்டில் ஒருவரும் போகவில்லை. அம்மா மட்டும் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு, முழங்கால் ஒப்பரேஷன் செய்த காலோடு பூட்ஸும் போட்டு வாசல் கதிரையில் இருந்தவ. பிறகு தானே கழற்றி வைத்துவிட்டா. அதற்காகச் சபையில் சொல்லிக்காட்டலாமா?

ஒரு வருடமாகப் பேச்சில்லை. வரும் ஓகஸ்டில் மகளின் அரங்கேற்றம். மச்சான் மன்னிப்புக் கேட்காமல் நான் அழைப்பிதழ் கொடுக்கலாமா?
– ஸ்காபரோ வாசகர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: "பிறகு தானே கழற்றி வைத்துவிட்டா."

தம்பி, நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தில் மன்னிப்பு என்ற சொல் ஏழு தரம் வருகிறது. ஏழு தரமும் மச்சான் உங்களிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு. அம்மாவின் பூட்ஸுக்குக் கிடைத்தது ஒரே வரி. அதுவும் நீங்கள் சொல்லும் சாட்டுக்குள் அகப்பட்டு வந்த வரி. தேர்தல் இரவில் பிரிந்த மச்சான்மார் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. அவற்றுக்குச் சொல்கிற பதிலை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஒரு வரியைத்தான் பிடிக்கப்போகிறேன்.

முழங்கால் வெட்டின மனுஷிக்கு விண்டர் பூட்ஸ் போடுவது எவ்வளவு பாடு என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? குனிய ஏலாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, காலை உள்ளே திணித்து, சிப்பை இழுத்து முடிக்க மூச்சு வாங்கும். அவ்வளவும் செய்து, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். "என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று எங்கள் தாய்மார் வாய்விட்டுக் கேட்பதில்லை. வெளிக்கிட்டு இருப்பார்கள், பிள்ளைதான் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வாக்குச்சாவடி இரவு 9 மணி வரை திறந்திருந்தது. எத்தனை மணிக்கு அவர் அந்தப் பூட்ஸைக் கழற்றினார்? கடிதத்தில் இல்லை. நீங்கள் பார்க்கவில்லை, அதனால் இல்லை.

ஸ்நோ என்று எனக்குச் சொல்லவேண்டாம். ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் 2025 பெப்ரவரி 27 வியாழக்கிழமை. அதற்கு முதல் கிழமை 20, 21, 22 என்று மூன்று நாள் முன்கூட்டிய வாக்களிப்பு இருந்தது. தபாலில் போடலாம். நடக்க முடியாதவர்களுக்கு அதிகாரிகள் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கும் ஏற்பாடும் ஒன்ராறியோவில் உண்டு, கேட்டுப் பதிய வேண்டும், அவ்வளவுதான். வேலை என்றால், வாக்களிக்கத் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை, சட்டம் அப்படி. அந்தத் தேர்தலில் மாகாணத்தில் வாக்களித்தது நூற்றுக்கு 45 பேரளவில்தான். இரண்டு மாதம் கழித்து வந்த பாராளுமன்றத் தேர்தலில் 68 பேருக்கு மேல். ரிவியில் பெரிய முகங்கள் வந்தால்தான் நம்மவர்களுக்கு அது தேர்தல். ஏப்ரலில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெப்ரவரியில் அதே கார்தானே வாசலில் நின்றது?

அம்மா சாவகச்சேரி, 1996இல் வந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அவர் 1970இலும் 1977இலும் புள்ளடி போட்ட தலைமுறை. 1982 டிசம்பர் 22, இலங்கையில் சர்வசன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலே வைக்காமல் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டம் குடத்துக்குத்தான் போட்டது. ஆனாலும் விளக்கு வென்றது. 1983இல் வந்திருக்கவேண்டிய பொதுத்தேர்தல் 1989 வரை வரவில்லை. அதற்குள் என்னென்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அதற்குள்தான் வளர்ந்தீர்கள். என் ஆச்சி வாக்குப்போடப் போகும்போது கோயிலுக்குப் போகிற சேலையைத்தான் எடுத்து உடுப்பார். திரும்பி வந்து இடது சின்னவிரலில் இருக்கும் மையை எங்களுக்குக் காட்டுவார். வாக்கு என்பது தன்னையும் ஒரு ஆளாக எண்ணுகிற இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படி வந்த ஒரு தாயை வாசலில் இருத்திவைத்துவிட்டு, நீங்கள் சோபாவில் இருந்து ஜனநாயகம் பேசியிருக்கிறீர்கள்.

இனி அந்த இரவில் நீங்கள் அடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வைத்தியர். ட்ரூடோ என்கிறார் ஒருவர், கார்னி என்கிறார் மற்றவர். தம்பி, ஆஸ்பத்திரிகளை நடத்துவதும் வைத்தியர்களுக்கு ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதியில் காசு கொடுப்பதும் மாகாணம். 1867இல் எழுதிய அரசியலமைப்பே ஆஸ்பத்திரிகளை மாகாணத்தின் கையில்தான் கொடுத்தது. ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு பணம் அனுப்பும், நிபந்தனை போடும், அது போதவில்லை என்று சண்டை பிடிக்கலாம், நியாயமான சண்டை. ஆனால் ஸ்காபரோவில் ஒரு கிழவிக்கு வைத்தியர் கிடைப்பதும் கிடைக்காததும் முக்கியமாகத் தீர்மானமாவது மாகாணச் சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்கில். நீங்கள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தியது, பாதி பிழையான விலாசத்துக்கு. சரியான விலாசத்துக்கு அம்மா போக வெளிக்கிட்டார், நீங்கள் கூட்டிப்போகவில்லை.

இதையும் கேளுங்கள். எல்லோருக்கும் குடும்ப வைத்தியர் கிடைக்கச் செய்யும் வேலையை ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு 2024இல் யாரிடம் கொடுத்தது? ஜேன் ஃபில்பொட்டிடம். அவரே ஒரு குடும்ப வைத்தியர், ஜஸ்டின் ட்ரூடோவின் முதல் சுகாதார அமைச்சர். கொன்சர்வேற்றிவ் முதல்வர் கூப்பிட, முன்னாள் லிபரல் அமைச்சர் வந்தார். அவர்கள் கட்சியைத் தாண்டினார்கள். உங்களுக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறி அஜாக்ஸுக்குப் போக ஒரு வருடமாக முடியவில்லை.

இன்னொன்று, இது உங்களைப் பயப்படுத்தத்தான். நாளைக்கு அம்மா விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று வையுங்கள். இனிச் சிகிச்சை இல்லை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்தான் என்று வைத்தியர் சொல்கிறார். ஒன்ராறியோ 2022இல் கொண்டுவந்த சட்டப்படி, தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை தள்ளியிருக்கிற, நீங்கள் தெரிவுசெய்யாத இல்லத்திலும் இடம் ஒதுக்கலாம். போகமாட்டேன் என்று கட்டிலிலேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர். தமிழில் "பசிக்குதா" என்று கேட்க ஒரு ஆள் இல்லாத இடமாகவும் அது இருக்கலாம். இந்தச் சட்டம் சரியா பிழையா என்று மச்சானோடு இரவிரவாகச் சண்டை பிடியுங்கள், எனக்குச் சந்தோஷம். அரசியல் பேசாதீர்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. யன்னலைச் சாத்திவிட்டு அரசியல் பேசிய ஊரில் இருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே சத்தம்போட்டுப் பேசலாம், பேசத்தான் வேண்டும். பேசும்போது அம்மாவையும் மேசையில் இருத்திக் கேளுங்கள். தேத்தண்ணி போட மட்டும் எழுப்பாதீர்கள்.

கைக்காசு என்று சொன்னீர்களே, அது அரசியல் இல்லை. தங்கச்சியின் வீட்டு அடுப்பில் கையை வைத்த பேச்சு. அதை அவள் முன்னால், அவள் பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள். அவர் சொன்னது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்கவேண்டும், அழைப்பிதழ் கொடுப்பதா இல்லையா என்ற அதிகாரம் இழிவுபடுத்தினவருக்கா? தகப்பனின் தங்கச்சி முன்வரிசையில் இல்லாமல் அந்தப் பிள்ளை சலங்கை கட்டி ஆடவேண்டுமா? அப்படியொரு அரங்கேற்றத்துக்கு மண்டபக் காசு கட்டாதீர்கள்.

முதலில் அம்மாவிடம் போங்கள். "பெப்ரவரியில் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும், நான் செய்தது பிழை" என்று சொல்லுங்கள். அவர் "அதுக்கென்ன ராசா" என்பார். அதை நம்பிவிடாதீர்கள். பிறகு அவர் பெயரை, குடும்ப வைத்தியர் தேடித் தரும் மாகாணச் சேவையான ஹெல்த் கெயார் கனெக்ட்டில் பதிந்தீர்களா என்று பாருங்கள், பதியவில்லை என்றால் அன்றைக்கே பதியுங்கள். வரும் ஞாயிறு அம்மாவைக் காரில் ஏற்றி அஜாக்ஸுக்குப் போங்கள். அழைப்பிதழைத் தபாலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்பவேண்டாம். அம்மாவின் கையால் கொடுக்க வையுங்கள். அதற்கு முதல் மச்சானிடம் நீங்கள் வாய்திறந்து மன்னிப்புக் கேளுங்கள், தங்கச்சியும் பிள்ளைகளும் கேட்கும்படியாக. அவர் திருப்பிக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

2026 ஒக்டோபர் 26 மாநகர சபைத் தேர்தல். ஸ்காபரோவிலும் உண்டு, அஜாக்ஸிலும் உண்டு. அன்றைக்குப் பின்னேரம் அம்மா வெளிக்கிடும்போது வாசலில் நில்லுங்கள். சப்பாத்தை நீங்கள் குனிந்து போட்டுவிடுங்கள்.