ஆச்சியின் பொடியும் ஆறு மாதக் கெடுவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆச்சி இடித்துத் தந்த பருப்புப் பொடியையும், கொப்பரை சேர்த்த பூண்டுப் பொடியையும் உண்டு வளர்ந்தவள் நான். வேலையை விட்டுவிட்டு, அவற்றை ‘வீட்டில் செய்தது, பதப்படுத்திகள் அற்றது’ என்ற வாசகத்துடன் விற்க எண்ணியிருக்கிறேன். கடைக்காரர்கள் பொடி கெடாமல் இருக்க ஆறு மாதக் கெடுவாவது வேண்டும் என்கிறார்கள். செய்முறையில் ஒரு பொருளைக்கூட மாற்றக் கூடாது என்கிறார் அம்மா. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா?

வி.,
பாளையங்கோட்டை

அன்புள்ள வி.,

இரண்டையும் ஒரே பொட்டலத்துக்குள் நிறைவேற்ற முடியாது. ஆச்சியின் செய்முறை ஒரு வீட்டுக்காக உருவானது. அந்த வீட்டில் பொடி சில வாரங்களில் தீர்ந்துவிடும். மழைக்காலமென்றால் கொஞ்சமாகத்தான் இடிப்பார்கள். வாடை சற்று மாறினாலும் டப்பாவைத் திறந்தவரே கண்டுபிடித்துக் கொட்டிவிடுவார். எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதப்படாத இந்தக் கவனமும் செய்முறையின் ஒரு பகுதிதான். பொடி கடைக்குப் போகும்போது பொருட்கள் அனைத்தும் உடன் போகின்றன. இந்தக் கவனம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்தைப் பதப்படுத்தியால் நிரப்ப மாட்டேன் என்றால், வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

பருப்புப் பொடியில் சிக்கல் அதிகமில்லை. உணவிலுள்ள ஈரத்தில் நுண்ணுயிர்களுக்கு எட்டக்கூடிய பங்கை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1, 0.6-க்குக் கீழே பூஞ்சைகூட வளர்வதில்லை. துவரம்பருப்பையும் மிளகையும் மிளகாய் வற்றலையும் தனித்தனியே வறுத்து, நன்றாக ஆறிய பிறகு அரைத்து, ஈரம் புகாத உறையில் உடனே அடைத்தால் அந்த எல்லைக்குள் நிற்பது கடினமல்ல. சூடு தணியும் முன் மூடினால் உறையின் உட்புறம் வியர்த்து, அந்த ஒரு துளி நீரே கட்டி தட்டுவதற்கும் பூஞ்சைக்கும் வழி செய்துவிடும். ஆச்சி பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே மெல்லிய துணியைப் போட்டு நெடுநேரம் விட்டிருப்பாரே, அது இதற்காகத்தான்.

பூண்டுப் பொடி வேறு வகை. கொப்பரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். அதனுடன் ஈரம் சேர்ந்தால் எண்ணெய் சிதைந்து, பொடி காறிப்போய்ச் சவர்க்கார வாடை அடிக்கும். ஈரத்தைக் கொண்டுவருவது பூண்டு. தோலுடன் நசுக்கி எண்ணெயில் வதக்கிய பூண்டு வெளியே முறுகலாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம்தான் அதன் சுவையும்கூட. முற்றிலும் உலர்த்திய பூண்டைச் சேர்த்தால் கெடு நீளும், ஆனால் அது ஆச்சியின் பொடியாக இருக்காது. இந்த ஒன்றில் நான் அம்மாவின் பக்கம். பூண்டுப் பொடியைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். முன்பதிவு வாங்கி, வாரம் ஒருமுறை அரைத்து, குறுகிய கெடுவை உறையின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டு, நேரடியாக அனுப்புங்கள். பதப்படுத்தி இல்லை என்று சொல்வதைவிட அந்தத் தேதி வாங்குபவருக்கு அதிகம் சொல்லும்.

பெரிய நிறுவனங்களும் இந்தக் கேள்வியைக் கடந்தே வந்திருக்கின்றன. பெங்களூரில் 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம், நெருக்கடி நிலைக் காலத்து விலைக் கட்டுப்பாட்டில் தடுமாறியபோதுதான் உடனடி உணவுக் கலவைகளின் பக்கம் திரும்பியது. பிற்பாடு சமைத்த உணவைப் பொட்டலமாக்கியபோது, மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சி ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது. மூடிய உறையை உயர் வெப்பத்துக்கு உட்படுத்தும் முறை அது. பதப்படுத்தியின் வேலையை அங்கே வெப்பம் செய்கிறது. அத்தகைய இயந்திரம் உங்களிடம் இல்லை, தேதிதான் இருக்கிறது.

பொருட்பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ‘பெருங்காயம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரமான மூலப்பிசினுடன் கருவேலம் பிசினையும் கோதுமை மாவு அல்லது அரிசி மாவையும் சேர்த்துத்தான் அது செய்யப்படுகிறது. உங்கள் டப்பாவில் இருப்பது கோதுமை கலந்ததென்றால், பருப்பும் மிளகாயும் மட்டுமே என்று நீங்கள் நம்பும் பொடியிலும் கோதுமை இருக்கிறது. ஒவ்வாமைப் பொருள் என்பதால் அதை உறையில் அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். கோதுமை ஆகாத ஒருவர் உங்கள் ‘தூய’ பொடியை நம்பி வாங்கக்கூடும் என்பதால் இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ‘வீட்டில் செய்தது’ என்ற வாசகத்தையும் கைவிடுங்கள். தவறான எண்ணத்தை உண்டாக்கும் அத்தகைய சொற்களை உணவு விளம்பரங்கள் குறித்த 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. அரவை இயந்திரமும் வேலையாட்களும் வந்த பிறகு அது உண்மையாகவும் இராது.

நீங்கள் கேட்காத ஒன்று விலை. ஆச்சியின் பொடி மலிவாக இருந்ததற்கு முதன்மையான காரணம், அவருடைய உழைப்புக்கு யாரும் கூலி கணக்கிடாததுதான். மிளகாய்க் காம்பு கிள்ளுவதற்கும், கல் பொறுக்குவதற்கும், அடுப்படியில் நிற்பதற்கும் முறையான கூலி கொடுத்தால், உங்கள் பொடி பெருநிறுவனப் பொடியைவிடக் கணிசமாக விலை கூடும். அந்த விலையைத் தயங்காமல் சொல்லுங்கள். அதைக் குறைக்க முயலும்போதுதான் பலர் மலிவான மிளகாய்த் தூளுக்கும் பழைய எண்ணெய்க்கும் போய்விடுகிறார்கள்.

உறையை அச்சடிக்கும் முன், பருப்புப் பொடியின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் கொடுத்து ஈரத்தையும் கெடுவையும் அளந்துவிடுங்கள். தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதனைக் கூடமும் புதிய தொழில்முனைவோருக்கான உதவி மையமும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அரைத்த ஒரு மாதிரியையும் தனியே கொடுங்கள். கோடையில் அரைத்ததன் கெடு அதற்குப் பொருந்தாது. ஆய்வகம் நான்கு மாதம் என்று சொன்னால் நான்கு மாதம் என்றே அச்சிடுங்கள். ஆறு மாதம் கேட்கும் கடையை விட்டுவிட்டு வேறு கடையைப் பாருங்கள்.

அன்புடன்.