கப்பல் இருக்கட்டும், லாரியைப் பாருங்கள்

கேள்வி: ஆடுமாடுகளை உயிரோடு கப்பலேற்றி விற்பதை வெளிநாடுகளில் தடை செய்கிறார்களே, இங்கும் தடை வந்தால் வாயில்லா ஜீவன்களுக்கு விடிவு பிறக்குமா?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: தடை வரட்டும், எனக்கு முழுச் சம்மதம். 2017-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒரே கப்பலில் சுமார் 2,400 செம்மறிகள் வெக்கை தாங்காமல் செத்தன. கடல்வழி செம்மறி ஏற்றுமதியை 2028 மே 1 முதல் நிறுத்த அந்த நாடு 2024-ல் சட்டம் போட்டது. விவசாயிக்கு அவகாசமும் கொடுத்தது, மாற்று ஏற்பாட்டுக்குப் பணமும் ஒதுக்கியது.

இங்கே? இறைச்சிக்கென்று சந்தையில் மாடு விற்கக் கூடாது என 2017 மே மாதம் திடுதிப்பென்று ஒரு விதி வந்தது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. கிழட்டு மாட்டை விற்ற காசில்தான் நம் ஆள் அடுத்த கன்று வாங்குகிறான். அந்த வழியை அடைத்தால் மாடு வளர்ப்பதையே விட்டுவிடுவான். தடை கேட்டு மனுப் போடும் நண்பர்களோடு எனக்குள்ள பழைய சண்டையே இதுதான். தடைக்கு மறுநாள் அந்த மாட்டுக்கு யார் தீனி போடுவது என்று கேட்டால் பதில் வராது.

நீங்கள் கப்பல் என்கிறீர்கள். டெல்டா மாடு ஏறுவது லாரியில். சந்தையிலிருந்து கேரளா வரை, தலையை இறுக்கிக் கட்டி, படுக்க இடமில்லாமல், தண்ணீர் காட்டாமல் கொண்டுபோகிறார்கள். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978-லேயே வந்த விதி. யார் எண்ணுகிறார்கள்?

அதில் உம்பளச்சேரிக் காளையும் நிற்கிறது என்பதுதான் என் ஆத்திரம். நம் சேற்று வயலை உழுவதற்கென்றே இந்த மண்ணில் உருவான இனம் அது. டிராக்டர் வந்து அதன் வேலை போயிற்று. அறுவடை எந்திரம் வந்து வைக்கோலும் போயிற்று. வைக்கோலைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. வயலில் கிடப்பதைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி வெளியூருக்கு விற்கிறோம். அப்புறம் கடையில் மூட்டைத் தீவனம் வாங்கிவந்து, மாடு கட்டுப்படியாகவில்லை என்கிறோம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கொருக்கையில், உம்பளச்சேரிக்கென்று அரசுப் பண்ணை இருக்கிறது. அங்கே கன்று வாங்கி வளர்க்கிறவருக்கு அரசு தீவன மானியம் தரட்டும். சந்தை வாசலிலேயே ஒரு கால்நடை மருத்துவரை நிறுத்தி, ஏழாவது மாட்டை லாரியிலிருந்து இறக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.