ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் கபடி எப்போது?

கேள்வி: கபடியில் என் மகனுக்கு வலது முழங்கால் மூட்டு ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து 5 மாதங்கள் ஆகின்றன. வலி அறவே இல்லை என்பதால், பொங்கலுக்கு ஊரில் நடக்கும் போட்டியில் ஆடியே தீருவேன் என்கிறான். அனுமதிக்கலாமா?
- வாசகி ஒருவர், உசிலம்பட்டி.

பதில்: இந்தப் பொங்கலுக்கு வேண்டாம், அம்மா. வலி நின்றதும் ஜவ்வு உறுதிப்பட்டதும் ஒன்றல்ல. கிழிந்த ஜவ்வின் இடத்தில் பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த தசைநாரைத்தான் பொருத்துகிறார்கள். அது முதல் சில மாதங்களில் வலுவிழந்து, புதிய இரத்த நாளங்கள் ஊடுருவிய பின்னரே மெல்ல ஜவ்வின் தன்மையைப் பெறுகிறது. ஆகவேதான், சட்டெனத் திரும்பி, பிடியை உதறி ஓடவேண்டிய கபடி போன்ற ஆட்டங்களுக்குக் குறைந்தது 9 மாதங்களாவது காத்திருக்கச் சொல்கிறோம்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. வலது தொடையின் முன்புறத் தசை, இடது தொடையின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அவ்வாறே. இவற்றைப் பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். எண்ணெய் தேய்த்து நீவுவது இதமாக இருக்கலாம், ஆனால் தசையை வளர்க்காது. பஸ்கி, படிப்பயிற்சி, பின்னர் குதித்து இறங்கும் பயிற்சி என்று அவர் சொல்லும் வரிசையில்தான் வலு திரும்பும். திருப்பரங்குன்றம் மலைப்படிகளில் ஏறிப் பார்க்கிறேன் என்று மகன் கிளம்பினால் தடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குப் பெரிய சோதனை.