நாற்பது ஓட்டோவுக்கு வெறும் சொக்கெட் போதுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "40 ஓட்டோக்களில் ஜி.பி.எஸ். கருவி பூட்டியிருக்கிறோம். 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தை டி.சி.பி.யில் அனுப்பும். பைதனில் சேர்வரை நானே எழுதுகிறேன். வெறும் சொக்கெட் போதுமா, ஃபிரேம்வேர்க் தேவையா?"

சொக்கெட் என்பது நிரல் வலையமைப்பில் பைட்டுகளை நேரடியாக அனுப்பி வாங்கும் வாசல். ஃபிரேம்வேர்க் என்பது அதன் மேல் ஆயத்தமாகக் கட்டிவைத்த நிரல் தொகுப்பு. வேகத்தை நினைத்துக் கேட்டிருந்தால் அந்தக் கவலையை விடுங்கள். 40 இணைப்புக்கு ஆளுக்கொரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) போட்டாலும் சேர்வர் தாங்கும். உங்களை அலைக்கழிக்கப் போவது வேறு.

டி.சி.பி. என்பது கருவிகள் வலையமைப்பில் தரவு அனுப்பும் ஒரு நெறிமுறை. அதற்குச் செய்தி என்று ஒன்று தெரியாது. அதற்கு எல்லாமே வரிசையாக ஓடும் பைட்டுகள்தான். கருவி 60 பைட் அனுப்பினால் முதலில் 38, அப்புறம் 22 என்று வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். வீட்டு வைஃபையில் சோதிக்கும்போது இது பெரும்பாலும் கண்ணில் படாது, வீதியில் இறங்கிய பிறகுதான் தலைகாட்டும். நான் எழுதிய முதல் சேர்வரில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் நின்ற வாகனம் வரைபடத்தில் பண்ணைக் கடலுக்குள் தெரிந்தது. தேடிப் பார்த்தால், 80.01 என்று தொடங்கும் நெடுங்கோடு 80 என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. அரைச் செய்தியை முழுச் செய்தியாக எடுத்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்ப வையுங்கள், அல்லது முடிவில் ஒரு அடையாளம் வையுங்கள். கடையில் வாங்கிய கருவியென்றால் அதன் கையேட்டில் உள்ள வடிவம்தான் சட்டம். எந்த ஃபிரேம்வேர்க் எடுத்தாலும் இந்த வேலை உங்கள் தலையில்தான்.

அடுத்தது, செத்த இணைப்பு. சிக்னல் போனாலோ பற்றரி கழன்றாலோ கருவி போய்வருகிறேன் என்று சொல்லாது. சேர்வர் காத்துக்கொண்டே இருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் லினக்ஸின் கீப்அலைவ் வசதி தானாக இயங்காது. இயக்கினாலும், மாற்றாவிட்டால் 2 மணி நேரம் சும்மா இருந்த பிறகே முதல் தடவை தட்டிப் பார்க்கும். 90 விநாடி ஒன்றும் வராவிட்டால் இணைப்பை மூடிவிடுங்கள்.

இதையெல்லாம் வெறும் சொக்கெட்டிலும் செய்யலாம். ஆனால் நான் அசின்க்ஐஓவைத்தான் (asyncio) எடுப்பேன். பல இணைப்புகளை ஒரே த்ரெட்டில் மாறி மாறிக் கவனிக்கும் பைதன் நூலகம் அது. 2014இல் வந்த பைதன் 3.4 முதல் அது மொழியோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. இத்தனை பைட் முழுதாக வரும்வரை காத்திரு, இத்தனை விநாடியில் கைவிடு என்பவை அதில் ஒவ்வொரு வரிதான்.

ஒன்றில் மட்டும் கவனம்: வந்த இடத்தைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் அழைப்பு நின்று காத்திருக்கும் வகையானால், அந்த நேரத்தில் 40 ஓட்டோக்களும் சேர்ந்து நிற்கும். அந்த வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

சரி, தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, வெறும் சொக்கெட்டில் சின்னச் சேர்வர் ஒன்று எழுதிப் பாருங்கள். பிறகு பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.