ஒரே வசனம், மூன்று மேடை: நாடக வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவில் ‘ரீஜனல் தியேட்டர்’ என்பது ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் போடும் நாடகம்தானே? நியூயார்க்கில் ஏறாத நாடகத்துக்கு அங்கே என்ன மதிப்பு?

பதில்: ஓய்வு நேரக் குழுக்களுக்கு அங்கே ‘கம்யூனிட்டி தியேட்டர்’ என்று பெயர். ரீஜனல் தியேட்டர் முழுக்கத் தொழில்முறை அரங்கு. சம்பளம் வாங்கும் நடிகர்கள், ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு வரும் பார்வையாளர்கள், பெரிய இடமாக இருந்தால் சொந்தத் தச்சுக்கூடமும் தையல் பிரிவும் உண்டு. பெரும்பாலானவை லாப நோக்கமற்ற அமைப்புகள். டல்லாஸில் மார்கோ ஜோன்ஸ் 1947இல் தொடங்கிய வட்ட அரங்கு புதிய நாடகங்களை முன்னிறுத்தியது. அதே ஆண்டில் ஹூஸ்டனில் நீனா வான்ஸ், ஆலி தியேட்டரைத் தொடங்கினார். வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் 1950இலும் மினியாபொலிஸில் கத்ரி 1963இலும் வந்தன. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்குப் போகும் நாடகங்களில் பல இன்று இத்தகைய அரங்குகளில்தான் முதலில் மேடையேறுகின்றன. பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதிலேயே 1976 முதல் ரீஜனல் அரங்குக்கென்று ஒரு விருது இருக்கிறது. அதை முதலில் பெற்றது அரீனா ஸ்டேஜ்.

கேள்வி: என் புதிய நகைச்சுவை நாடகத்தை ஒரே சீசனில் மூன்று ரீஜனல் அரங்குகள் போடுகின்றன. மூன்றுமே ‘உலக அரங்கேற்றம்’ என்று விளம்பரம் செய்கின்றன. இது எப்படிச் சரியாகும்?

பதில்: சரிதான். புதிய நாடகத்தை முதலில் போட்ட பெருமைக்கு எல்லா அரங்குகளும் போட்டி போடும். இரண்டாவதாகப் போட ஆள் கிடைப்பது அரிது. நல்ல நாடகங்கள் பல ஒரே தயாரிப்போடு பெட்டிக்குள் போய்விட்டன. 1998இல் தொடங்கிய நேஷனல் நியூ ப்ளே நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே புதிய நாடகத்தைக் குறைந்தது மூன்று அரங்குகள், வெவ்வேறு இயக்குநர், வெவ்வேறு நடிகர்களோடு அடுத்தடுத்துப் போடும். அரங்கேற்றப் பெருமை எல்லோருக்கும் பொது. இதற்கு ‘ரோலிங் வேர்ல்டு பிரீமியர்’ என்று பெயர். இடையில் எழுத்தாளர் பிரதியைத் திருத்திக்கொண்டே போகலாம்.

சோகநாடகத்தைவிட நகைச்சுவைக்குத்தான் இந்த ஏற்பாடு அதிகம் உதவும். ஒரே ஒரு தயாரிப்பைப் பார்த்துவிட்டு, சிரிப்பு வந்தது வசனத்தாலா, அந்த நடிகையின் புருவத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று இடத்தில் சிரித்தால் அது உங்கள் வசனம். ஓர் இடத்தில் மட்டும் சிரித்தால் அது அந்த நடிகையின் சொத்து. மூன்று இடத்திலும் மௌனமென்றால் வெட்டிவிடுங்கள். அது எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும் சரி.

கேள்வி: அடுத்த மாதம், தொடக்க விழாவுக்கு முன் பார்வையாளர்களை வைத்துப் போடும் முன்னோட்டக் காட்சிகள். எங்கே உட்கார்ந்து, எதைப் பார்த்து, எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

பதில்: மேடையைப் பார்ப்பதைக் குறையுங்கள். உங்கள் நாடகம் உங்களுக்குத் தெரியும், தெரியாதது பார்வையாளர்கள்தான். கடைசி வரிசையில் ஓர இருக்கை கேளுங்கள். முதல் நாள் இடது ஓரம், மறுநாள் வலது ஓரம், மூன்றாம் நாள் மாடி இருந்தால் மாடி. இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கையில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட பிரதியும் பென்சிலும் போதும். ஒளிரும் திரை எதுவும் வேண்டாம். ஒலிப்பதிவும் வேண்டாம், நடிகர் சங்கமான ஈக்விட்டியின் ஒப்பந்தத்தில் இயங்கும் அரங்குகளில் அனுமதியில்லாமல் பதிவுசெய்யக் கூடாது. சிரிப்பு எதிர்பார்க்கும் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எண் போடுங்கள்: மௌனம் 0, முணுமுணுப்பு 1, பாதி அரங்கு 2, முழு அரங்கு 3. நினைக்காத இடத்தில் சிரிப்பு வந்தால் வட்டம். இருமல், நெளிவு, நிகழ்ச்சித்தாள் புரட்டும் சத்தம் கேட்டால் ஒரு கோடு. இரவே எண்களை வேறொரு சுத்தமான பிரதிக்கு மாற்றுங்கள். குறைந்தது மூன்று காட்சியின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் முடிவெடுக்க வேண்டும். முதல் முன்னோட்டத்துக்கு வருபவர்களில் அரங்கின் நண்பர்கள் நிறைய, எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். பகல் காட்சிக்கு வரும் மூத்த சந்தாதாரர்கள் சத்தமாகச் சிரிக்காவிட்டாலும் கூர்ந்து கேட்பார்கள். இந்த இரண்டில் எந்த ஒன்றை வைத்தும் நாடகத்தை எடைபோடக் கூடாது.

எண் 0 என்றால் உடனே வரியை மாற்றத் தோன்றும். பொறுங்கள். காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், வரி கடைசி வரிசைக்குக் கேட்டதா? பாதிக்கு மேற்பட்ட கோளாறு இதுவாகவே இருக்கும். வரியின் வால் அமுங்கிப்போயிருக்கும். அடுத்து, அந்த நொடியில் மேடையில் வேறு யாராவது நகர்ந்தார்களா? பின்னால் ஒருவர் கோப்பையை எடுத்தால் கண் அங்கே போய்விடும், சிரிப்பும் கூடவே போய்விடும். மூன்றாவது, சிரிப்பதற்குத் தேவையான தகவல் பார்வையாளரிடம் இருக்கிறதா? இருபது பக்கத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பெயரை நம்பியிருக்கும் வரி பலிக்காது. பெயரை நான்கைந்து வரிக்கு முன் இன்னொரு முறை, அலட்சியமாகச் சொல்ல வையுங்கள். நான்காவது, முந்தைய சிரிப்பை அடுத்த வசனம் மிதித்ததா? நடிகர் சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதே பேச வேண்டும். அதற்கு முன்னால் பேசினால் வரி காதில் விழாது. முழு மௌனம் வரும்வரை காத்தால் அடுத்த சிரிப்பைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 0 என்றால்தான் வரியில் கையை வையுங்கள். அநேகமாக வெடிக்க வேண்டிய சொல் நடுவில் மாட்டியிருக்கும். ‘கடனைத்தான் அப்பா சாகும்போது எனக்குச் சொத்தாக விட்டுப்போனார்’ என்று எழுதினால் முதல் சொல்லிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. ‘சாகும்போது அப்பா எனக்கு ஒரே ஒரு சொத்துதான் விட்டுப்போனார். கடன்’ என்றால் பார்வையாளருக்குச் சிரிக்க இடம் கிடைக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஓர் அசைகூட வரக் கூடாது.

கேள்வி: முதல் அரங்கில் குலுங்கிச் சிரித்த காட்சி, இரண்டாவது அரங்கில் செத்துப்போனது. நடிகர்கள் நல்லவர்கள்தான். ஏன்?

பதில்: மேடையின் வடிவத்தைப் பாருங்கள். முதல் அரங்கு, பார்வையாளர் எல்லோரும் ஒரே பக்கம் இருக்கும் நேர்முக மேடையாக இருந்து, இரண்டாவது நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்த மேடையாக இருந்தால், முகபாவத்தை நம்பிய சிரிப்பு ஒரு பக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். கத்ரி போல மூன்று பக்கம் பார்வையாளர் உள்ள மேடையிலும் ஓரத்தில் இருப்பவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். இதற்கு இயக்குநர் செய்யக்கூடியது, வசனம் சொல்பவரை ஒரு பக்கமும் அதைக் கேட்டு அதிர்பவரை எதிர்ப்பக்கமும் நிறுத்துவது. ஆளுக்கொரு முகமாவது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் செய்யக்கூடியது, பார்வையில் மட்டும் நடக்கும் திருப்பத்துக்கு ஒரு சிறு ஒலியோ ஒற்றைச் சொல்லோ கொடுப்பது.

கதவுகளைத் திறந்து மூடி ஓடிப்பிடிக்கும் நாடகமென்றால் கதவே பாதி நடிகர். கதவு மேடைக்கு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கீல் பின்மேடைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வருபவரின் முகம் உடனே தெரியும், பின்னால் இருப்பது மறையும். சட்டத்துக்குப் பின்னால் தரையோடு முட்டுக் கொடுக்காவிட்டால் அறைந்து சாத்தும்போது சுவரே ஆடும். பார்வையாளர் ஆடும் சுவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், உங்கள் வரியைக் கேட்க மாட்டார்கள். சுழலும் குமிழ்ப் பூட்டு அவசரத்தில் சிக்கும். காந்தப் பிடிப்பு போதும்.

பிறகு ஆட்கள். 300 இருக்கையில் 90 பேர் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு பரவாது. அடுத்தவர் சிரிப்பது தோளில் உணரப்பட வேண்டும். பின்வரிசைகளை மூடி எல்லோரையும் நடுவில் சேர்த்து உட்காரவைக்கும்படி அரங்க மேலாளரிடம் இயக்குநர் மூலம் கேளுங்கள். அரங்கு சற்றுக் குளிராக இருக்கட்டும். புழுக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை.

ஒளியும் முக்கியம். அழகாக இருக்கிறதென்று மங்கலாக வைத்த விளக்கு நகைச்சுவைக்கு எதிரி. முகம் தெரியாவிட்டால் காதும் பாதி கேட்காது. காட்சி முடிவில் விளக்கு அரை நொடி முந்தி அணைந்தால் கடைசிச் சிரிப்பு போயிற்று. விளக்கணைக்கும் கட்டளையைக் கடைசிச் சொல்லில் கொடுக்காமல், சிரிப்பு எழுந்த பிறகு கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: குறை தெரிந்தவுடன் நடிகரிடமே சொல்லிவிடலாமா? எதுவரை திருத்தலாம்?

பதில்: நடிகரிடம் நேராகச் சொல்லக் கூடாது. பாராட்டைத் தவிர மற்ற எல்லாம் இயக்குநர் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடிகரின் தாளம் குலையும். நகைச்சுவையில் தாளம் போனால் எல்லாம் போயிற்று.

ஒத்திகையின் முதல் வாரம் கூடவே இருங்கள். பிறகு விலகியிருந்து, நாடகத்தை நிறுத்தாமல் ஓட்டிப்பார்க்கும் முழு ஓட்டம் தொடங்கும்போது திரும்பி வாருங்கள். மூன்றாவது வாரத்தில் ஒத்திகை அறையில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், அத்தனை முறை கேட்டிருப்பார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து வரியை மாற்றிய எழுத்தாளர்கள் நல்ல வரிகளை இழக்கிறார்கள். ஒளி, ஒலி பொருத்தும் ‘டெக்’ நாட்களிலும் கைவைக்க வேண்டாம். சில அரங்குகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து மணி நேர வேலை என்றுகூடப் போகும் நாட்கள் அவை.

திருத்த வேண்டிய காலம் முன்னோட்டக் காட்சிகள்தான். பகலில் சில மணி நேர ஒத்திகை, இரவில் காட்சி. மாற்றிய பக்கங்களில் தேதி போட்டு, வேறு நிறத் தாளில், காலையிலேயே ஸ்டேஜ் மேனேஜரிடம் சேர்த்துவிடுங்கள். வரிகளை வெட்டினால் அன்றிரவே நடிகர்கள் தாங்குவார்கள். புதிய வசனத்துக்கு ஒரு நாளாவது கொடுங்கள். மதியம் கொடுத்த பத்தி இரவில் தடுமாறினால், கெட்டது வசனமா நினைவா என்று உங்களுக்கே தெரியாது. தொடக்க விழா இரவோடு பிரதி உறைந்துவிடும். அதற்குப் பிறகு தோன்றுவதை அடுத்த அரங்குக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஒரு நடிகர் தினமும் ஒரு சொந்த வரி சேர்க்கிறார். அதற்குப் பலத்த சிரிப்பு. விட்டுவிடவா?

பதில்: வேண்டாம். உங்கள் அனுமதியில்லாமல் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது அமெரிக்க நாடக எழுத்தாளர்களின் அமைப்பான டிராமடிஸ்ட்ஸ் கில்டு வலியுறுத்தும் அடிப்படை உரிமை, பதிப்புரிமை உங்களுடையது. இயக்குநரிடமும் ஸ்டேஜ் மேனேஜரிடமும் சொல்லுங்கள், நின்றுவிடும். அந்த வரிக்குப் பின் வரும் மூன்று வரிகளின் எண்களையும் பாருங்கள்: பெரும்பாலும் குறைந்திருக்கும். வரி உண்மையிலேயே நல்லதென்றால் அவரிடம் கேட்டு, நீங்களே பிரதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராயல்டி எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பதில்: ரீஜனல் அரங்குகளில் டிக்கெட் வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசுவதே வழக்கம், 5 முதல் 10 வரை பேசப்படும். கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: 300 இருக்கை, 60 சதவீதம் நிறைவு, சராசரி டிக்கெட் 40 டாலர் என்றால் ஒரு காட்சிக்கு 7,200 டாலர். 24 காட்சிக்கு 1,72,800. அதில் 6 சதவீதம் 10,368 டாலர். முகவர் இருந்தால் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. பெரிய தொகை அல்ல. அதனால் பயணச் செலவு, தங்குமிடம், குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. முதலில் போடும் அரங்குகள், நாடகத்தின் பிற்கால வருவாயில் ஒரு பங்கு கேட்பதுண்டு. மூன்று அரங்குகளும் தனித்தனியே கேட்டால் கூட்டுத்தொகை உங்களைக் கடிக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பும், எத்தனை ஆண்டுவரை என்ற கெடுவும் வையுங்கள். கையெழுத்துக்கு முன் கில்டில் உறுப்பினராகிவிடுங்கள். உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் படித்து அவர்கள் ஆலோசனை சொல்வார்கள்.

ராயல்டி எப்போதும் பணமாகவே வந்ததில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். வர்ஜீனியா மாநிலத்து அபிங்டனில் 1933இல், கடும் பொருளாதார நெருக்கடியில் தொடங்கிய பார்ட்டர் தியேட்டர், டிக்கெட்டுக்கு 40 சென்ட் அல்லது அதற்கு ஈடான காய்கறி, பால், கோழி என வாங்கிக்கொண்டது. எழுத்தாளர்களுக்குப் பன்றித்தொடைக் கறி போனது. சைவ உணவுக்காரரான நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அதைத் திருப்பியனுப்பிக் கீரை கேட்டார் என்பார்கள்.

கேள்வி: மூன்றும் முடிந்தபின் பிரதியைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கிறேன். எந்த வடிவம் இறுதி?

பதில்: கடைசியாகப் போட்ட வடிவம்தான் இறுதி என்று இல்லை. மூன்று எண்பட்டியல்களையும் பரப்பிவைத்து வரி வரியாகத் தேர்ந்தெடுங்கள். முதல் அரங்கின் மேடைக்காக மட்டும் சேர்த்த வழிகாட்டல்களை நீக்குங்கள். ‘இடப்பக்கச் சோபாவுக்குப் போகிறாள்’ என்பது இன்னொரு மேடையில் பொருளற்றது. ஆனால் சிரிப்பு எதை நம்பியிருக்கிறதோ அதைத் தெளிவாக எழுதுங்கள்: எந்தக் கதவு, திறக்கும்போது யார் எதைப் பார்க்கக் கூடாது, தொலைபேசி எத்தனை முறை அடித்தபின் எடுக்க வேண்டும். பொருள் பட்டியலும் சேருங்கள். காட்சிக்குக் காட்சி உடையும் தட்டு, தின்று தீரும் உணவு எவ்வளவு என்று எண்ணிக்கையோடு எழுதினால், பத்துப் பேர் கொண்ட சிறு குழுவும் உங்கள் நாடகத்தைத் துணிந்து எடுக்கும்.