வீட்டுக்கல்வியில் இருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு வரலாறு நடத்த வீடியோ விரிவுரைகள் மட்டும் போதுமா?

போதாது. பேராசிரியர் சரளமாகப் பேசப் பேச எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும்; மறுநாள் கேட்டால், பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் தாக்கிய பாரிஸ் சிறைக்கோட்டையான பாஸ்டிலின் பெயர் மட்டும் மிஞ்சும்.

வாரத்துக்கு அரைமணி நேர விரிவுரை இரண்டே தாராளம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நினைவிலிருந்து மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். வீடியோ ஓடும்போதே குறிப்பெடுத்தால் அது வெறும் சொல்வதெழுதுதல்தான்.

உண்மையான பாடம் அடுத்த நாள். பிரெஞ்சுப் புரட்சி என்றால், 1789 ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தைக் கையில் கொடுங்கள். 17 பிரிவுகள்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கடைசிப் பிரிவு சொத்துரிமையைப் புனிதம் என்கிறதே, யாருடைய சொத்து? பெண்கள் எங்கே? விரிவுரையாளர் இதை எப்படிச் சொன்னார், எதை விட்டார் என்று ஒரு பக்கம் எழுதட்டும்.

தொடர் முழுவதையும் பார்த்தே தீரவேண்டும் என்பதில்லை. சலிப்பூட்டும் விரிவுரையைத் தயங்காமல் தாண்டுங்கள்.